கல்வெட்டுப் படத்தில் நாய்ஸ்: எழுத்து அழியாமல் குறைப்பது எப்படி?

தாராசுரம் ஐராவதேசுவரர் கோயிலின் அடிப்பகுதியில் 63 நாயன்மார் கதைகள் வரிசையாக ஓடுகின்றன. உட்கார்ந்து பார்க்கவேண்டிய அளவுக்குச் சின்னச் சிற்பங்கள். சிலவற்றுக்குப் பக்கத்திலேயே விவரமும் பொறித்திருக்கிறார்கள். கும்பகோணம் வரும் நண்பர்கள் அதைக் கைபேசியில் எடுத்து அனுப்பி, "என்ன எழுதியிருக்கு?" என்று கேட்பார்கள். பெரிதாக்கினால் மெழுகு பூசியதுபோல் வழவழவென்று இருக்கும். நிழலில் எடுத்த படத்தின் நாய்ஸை, அதாவது மணல் தூவியதுபோல் தெரியும் புள்ளிகளை, கைபேசியே துடைத்துவிடுகிறது. கல்லின் சொரசொரப்பும் எழுத்தின் கீறலும் கூடவே போய்விடுகின்றன. சோழர் காலக் கல்வெட்டுகளில் மெய்யெழுத்துக்குப் பெரும்பாலும் புள்ளியே இருக்காது. கீறலை வைத்துத்தான் படிக்க வேண்டும். அதுவும் போனால் என்ன மிச்சம்?

அதனால் நான் மென்பொருளைத் தொடுவதற்கு முன்னால் வெளிச்சத்தைச் சேர்த்துக்கொள்கிறேன். அங்கே அனுமதி இல்லாமல் டிரைபாட் வைக்க முடியாது. கையில் பிடித்தே, கேமரா மெருகேற்றாத ரா ஃபார்மட்டில், ஒரே சிற்பத்தை பர்ஸ்ட்டில், அதாவது விடாமல் தொடர்ந்து, 16 படம் எடுப்பேன். ஃபோட்டோஷாப்பில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, எழுத்துகள் பொருந்தும்படி அலைன் செய்து, சராசரி எடுப்பேன். எழுத்து எல்லாப் படத்திலும் ஒரே இடத்தில் இருக்கும், நாய்ஸ் மட்டும் படத்துக்குப் படம் மாறும். 4 படம் சேர்த்தால் நாய்ஸ் பாதியாகும், 16 சேர்த்தால் கால்வாசி. செயற்கை நுண்ணறிவால் நாய்ஸ் நீக்கும் ஏஐ டீநாய்ஸ் மட்டும் கல்வெட்டுக்கு வேண்டவே வேண்டாம். இல்லாத கீறலை அது போட்டுவிடும். அப்புறம் அதை நம்பி யாராவது தப்பாகப் படிப்பார்கள்.

*

அண்ணே, கல் நிற்கும், பறவை நிற்காதே! கோடியக்கரையில் விடியற்காலையில் பூநாரைக் கூட்டம் எழும்பும்போது அடுக்குவதற்கெல்லாம் வழியில்லை. வெளிச்சத்தை எவ்வளவு பெருக்கிக் காட்டுவது என்று சொல்லும் ஐஎஸ்ஓவை 3200 வைக்கப் பயந்து 400-இல் இருட்டாக எடுத்து, வீட்டுக்கு வந்து பிரகாசத்தை ஏற்றுகிறவர்கள் நிறையப் பேர். அப்போதுதான் நிழல் பகுதியில் நாய்ஸ் கொப்பளிக்கும். ஷட்டர் 1/1600 நொடி வேண்டுமென்றால், லென்ஸின் துளையான அப்பெர்ச்சரை முழுதாகத் திறந்து, வெள்ளை இறகு வெளுத்துப் போகாத அளவுக்கு ஐஎஸ்ஓவைத் தயங்காமல் ஏற்றுங்கள். நாய்ஸ் குறைப்பதை வானத்துக்கு மட்டும் மாஸ்க் போட்டுச் செய்தால் போதும், இறகை விட்டுவிடலாம். வண்ணப் புள்ளிகளாக வரும் வண்ண நாய்ஸை மட்டும் படம் முழுவதும் எடுக்கலாம். அதனால் விவரம் அவ்வளவாகக் கெடாது.

*

திருவாரூர் கமலாலயக் குளக்கரையில் கோடை இரவில் 30 நொடி எக்ஸ்போஷர் வைத்தால் தண்ணீரில் சிவப்பும் நீலமுமாகப் புள்ளிகள் தெரியும். விளக்கின் பிரதிபலிப்பு என்று விட்டுவிடாதீர்கள். சென்சார் சூடாகும்போது வரும் ஹாட் பிக்சல் அது. எல்லாப் படத்திலும் அதே இடத்தில் இருப்பதால், டிரைபாட்டில் எடுத்து அடுக்கினாலும் போகாது. கேமராவில் லாங் எக்ஸ்போஷர் நாய்ஸ் ரிடக்‌ஷனை ஆன் செய்யுங்கள். ஷட்டரை மூடியபடியே இன்னொரு 30 நொடி இருட்டுப் படம் எடுத்து, அதிலுள்ள புள்ளிகளை முதல் படத்திலிருந்து கழித்துவிடும். அந்த 30 நொடியும் திரையில் எதுவும் வராது. கேமரா நின்றுவிட்டது என்று நினைத்து ஆஃப் செய்துவிட வேண்டாம்.