புதிய மடிக்கணினியின் வேகம் திடீரென விழுகிறது: காரணம் கண்டறிய உதவி தேவை

வணக்கம். காணொளித் தொகுப்புக்காக அண்மையில் வாங்கிய என் மடிக்கணினி (16 கோர் செயலி, தனி வரைகலை அட்டை, 32 ஜிபி நினைவகம், 240 வாட் சார்ஜர்) கனமான வேலையைத் தொடங்கிய சிறிது நேரத்தில் ஸ்தம்பித்துவிடுகிறது. டாஸ்க் மேனேஜரில் பார்த்தால், 4 கிகாஹெர்ட்ஸுக்கு மேல் ஓடிக்கொண்டிருந்த செயலி சட்டென்று 0.4 கிகாஹெர்ட்ஸுக்கு இறங்கி அங்கேயே நிற்கிறது. மவுஸின் அம்புக்குறிகூட விட்டுவிட்டுத்தான் நகர்கிறது.

வெப்பம்தான் காரணம் என்று பலரும் உடனே சொல்லக்கூடும். செயலி 100 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைப்பது இயல்புதான் என்றாலும், இங்கு வேகம் விழும் நேரத்தில் வெப்பநிலை 70 டிகிரியைக்கூடத் தொடுவதில்லை. மேலும், சார்ஜரைக் கழற்றி மறுபடி செருகியதும் சிறிது நேரத்துக்கு எல்லாம் சரியாகிவிடுகிறது. செருகியை லேசாக அசைத்தால் சார்ஜ் விளக்கு அணைந்து எரிகிறது. ஆகவே, சார்ஜரின் திறனை மடிக்கணினி சரியாக அடையாளம் காணாததால், மதர்போர்டு, வேகத்தைக் குறைக்கச் சொல்லும் ‘ப்ராக்ஹாட்’ (PROCHOT) என்ற பாதுகாப்புச் சமிக்ஞையை அனுப்பிச் செயலியை அடக்கிவைக்கிறது என்பது என் ஊகம். பயாஸையும் (மதர்போர்டின் அடிப்படை மென்பொருள்) டிரைவர்களையும் புதுப்பித்தும் பயனில்லை.

அந்தச் சமிக்ஞையை மென்பொருள் மூலம் முடக்கிவிடலாம் என்று சிலர் பரிந்துரைக்கிறார்கள். உத்தரவாதக் காலம் முடியாத கருவியில், அதுவும் ஒரு பாதுகாப்பு ஏற்பாட்டை, அணைத்துவைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. இத்தகைய சிக்கலைச் சந்தித்தவர்கள், பழுது சார்ஜரிலா, செருகுமிடத்திலா, மதர்போர்டிலா என்பதை எவ்வாறு பிரித்தறிந்தீர்கள்? அதே திறனுள்ள வேறொரு அசல் சார்ஜரைக் கொண்டு பார்ப்பது போதுமான சோதனையாகுமா? சேவை மையத்தில் இருக்கும்போது பழுது தலைகாட்டாமல் போகக்கூடும் என்பதால், எந்த அளவீடுகளை முன்கூட்டியே பதிவுசெய்து எடுத்துச்செல்வது நல்லது என்பதையும் தெரிவித்தால் நன்றியுடையவனாக இருப்பேன்.