பழைய ஹைலக்ஸ்: முன் சஸ்பென்ஷனுக்கு என்ன செய்யலாம்?

டர்பன், சாட்ஸ்வர்த்திலிருந்து கேட்கிறேன். முன்னாடியும் லீஃப் ஸ்பிரிங், சாலிட் ஆக்சில் (ரெண்டு சக்கரத்தையும் இணைக்கும் ஒரே தண்டு) உள்ள பழைய டொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப். லெசோத்தோ எல்லையில் இருக்கும் 2,876 மீட்டர் உயர சானி கணவாய்க்கு அடிக்கடி ஏற்றுவேன். முன்னாடி வின்ச் (சிக்கின வண்டியை இழுக்கும் கருவி) மாட்டியதிலிருந்து மூக்கு தொங்குது, குழியில் இறங்கினா பம்ப் ஸ்டாப்பில் (ஆக்சில் சேஸிஸில் இடிக்காம தடுக்கும் ரப்பர்) ‘டொக்’. நீள ஷாக்கிள் (லீஃப் பட்டையின் ஒரு முனையை சேஸிஸோடு இணைக்கும் துண்டு) போடு, செலவு மிச்சம்ங்கிறான் மச்சான்.

– தம்பி, மச்சானை விருந்துக்கு மட்டும் கூப்பிடுங்க. ஷாக்கிளை 2 அங்குலம் நீட்டினா வண்டி 1 அங்குலம்தான் ஏறும். பட்டை ஓய்ஞ்சுபோச்சு, அதுக்கு இது மருந்தில்லை. காஸ்டர் கோணமும் (ஸ்டியரிங் திரும்பும் அச்சு பின்பக்கமா சாயும் அளவு) மாறும். குறைஞ்சா என்3 நெடுஞ்சாலையில் ஸ்டியரிங் அலையும். வின்ச் எடை தாங்கும் 2 அங்குல லிஃப்ட் லீஃப் செட், அதுக்கேத்த ஷாக் அப்சார்பர், பட்டை முனைக்குப் புது புஷ். போதும்.

– அண்ணன் சொன்னதுதான். பிரேக் ஹோஸையும் பாருங்க. சேஸிஸை ஜாக்கில் தூக்கி, சக்கரம் முழுசா தொங்கும்போது ஹோஸ் விறைச்சு நின்னா நீளமானதா மாத்தணும். பட்டையை ஆக்சிலோடு கட்டும் யு-போல்ட் புதுசுதான் போடணும், பழசு இழுபட்டிருக்கும். முதல் ஓட்டம் முடிஞ்சதும் மறுபடி முறுக்குங்க.

– நன்றிண்ணே. 4 அங்குலம் ஏத்தினா?

– ஆக்சிலுக்கு சக்தி கடத்தும் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் கோணம், ஸ்டியரிங் ராடு எல்லாம் சரிபண்ணணும், பர்ஸ் காலி. சானி வளைவில் வண்டி சாயும்போது பக்கத்து சீட்டில் மச்சானை உட்கார வைங்க, அவரே 2 அங்குலம் போதும்பார்.