பட்டன் முழுசா இருக்கு, ஆனா மழையில வழுக்குது: அம்பாசிடர் டயர் மாத்தணுமா?

பொள்ளாச்சி_மார்க்4:
வணக்கம்ங்க. எங்க அப்புச்சியோட (அம்மாவோட அப்பா) அம்பாசிடர் கார், மார்க் 4, 1986 மாடல். அவரு போனதுக்கப்புறம் ஷெட்டுலயே கெடந்துச்சு, மாசம் ஒருக்கா ஸ்டார்ட் பண்ணி தோட்டத்துக்குள்ள ஒரு ரவுண்டு விடறதோட சரி. போன மாசந்தான் கார்பரேட்டர், பிரேக் சிலிண்டர் எல்லாம் பார்த்து ரோட்டுக்கு எடுத்தோம். ஆழியார் போயிட்டு திரும்பறப்ப மழை, சும்மா தூத்தல்தான், ஒரு வளைவுல 40 கூட இருக்காது, பிரேக்க மிதிச்சதும் முன்சக்கரம் லாக்காகி வண்டி நேரா போகுது, ஸ்டீயரிங்க ஒடிக்கறேன் ஒன்னும் நடக்கல, எதுக்க பஸ்ஸு வரலீங்க, அதனால இப்ப டைப் பண்ணிட்டு இருக்கேன். பிரேக்குல கோளாறு இல்லைன்னு மெக்கானிக் சத்தியம் பண்றாரு. டயர்ல பட்டன், அதான் ரோட்டுல படற ரப்பர் கட்டை, முக்காவாசிக்கு மேல இருக்கு. சைடுல மட்டும் முடி மாதிரி வெடிப்பு. பஞ்சர் கடை அண்ணன் "இன்னும் ரெண்டு வருசம் ஓடும் கண்ணு"ங்கறாரு. சைஸ் 5.90-15, ட்யூப் டயர். மாத்தறதுக்கு முன்னாடி எதையெல்லாம் பார்க்கணும்ங்க?

ரப்பர்வாசி:
தம்பி, நான் டயர் ஃபேக்டரில வேலை பாத்து ரிட்டயர் ஆனவன், அதனால கொஞ்சம் நீளமா சொல்றேன், பொறுத்துக்கோங்க.

பட்டன் ஆழத்த அப்புறம் பாக்கலாம், மொதல்ல வயசப் பாருங்க. சைடு வால்ல ஒரு சின்ன கட்டத்துக்குள்ள நாலு நம்பர் இருக்கும். 2314ன்னு இருந்தா 2014ல 23வது வாரம் செஞ்சது. சில டயர்ல அது உள்பக்கமா இருக்கும், ஜாக்கி போட்டு சக்கரத்தக் கழட்டித்தான் பாக்கணும், எப்படியும் கழட்டத்தான் போறீங்க. அஞ்சு வருசம் தாண்டினா வருசா வருசம் செக் பண்ணணும், பத்து தாண்டினா பட்டன் எவ்ளோ இருந்தாலும் தூக்கிப் போட்டுடணும்னு டயர் கம்பெனிக்காரங்களே சொல்றாங்க.

ஏன்னா டயர் தேயறது ஒரு கணக்கு, ரப்பர் சாகறது வேற கணக்கு. காத்துல இருக்கற ஆக்சிஜன் உள்ள எறங்கி ரப்பர இறுக்கிட்டே போகும், உள்ள கலந்த எண்ணெயும் மெல்ல வெளியேறிடும். ரோட்டுல இருக்கற சின்னச் சின்ன மேடு பள்ளத்துல ரப்பர் அமுங்கி உக்காந்தாத்தான் பிடிமானம், கல்லாட்டம் ஆயிட்டா மேல மேல சறுக்கும். காஞ்ச ரோட்டுல தெரியாது, ஈரத்துலதான் காட்டிக்கொடுக்கும். ரப்பர் எவ்ளோ கெட்டியா இருக்குன்னு அளக்க ஷோர் ஏ மீட்டர்னு ஒன்னு இருக்கு, புது கார் டயர் சுமாரா 60லேர்ந்து 70க்குள்ள காட்டும், 80ஐத் தொட்டா அது டயர் இல்ல. மீட்டர் இல்லைன்னா கட்டைவிரல் நகத்த பட்டன்ல அழுத்திப் பாருங்க, புது டயர் பக்கத்துலயே வெச்சு அழுத்துனா வித்தியாசம் உடனே தெரிஞ்சிடும்.

வெடிப்பப் பத்தி. ஓசோன் தாக்காம இருக்க ரப்பர்ல ஒரு மெழுகு கலந்திருப்போம், டயர் ஓடி வளைஞ்சு நிமிரும்போதுதான் அது மேல கசிஞ்சு வரும். நின்ன வண்டிக்கு அது வராது, அதான் ஓடற டாக்ஸிய விட ஷெட்டுல தூங்கற வண்டிக்கு சீக்கிரம் வெடிப்பு விடுது. சைடுல மட்டும் பாக்காதீங்க, பட்டனுக்கு நடுவுல பள்ளத்தோட அடியிலயும் டார்ச் அடிச்சுப் பாருங்க, அங்க வெடிச்சிருந்தா பேச்சே வேணாம். எங்கயாவது புடைப்பு இருக்கான்னு கையால தடவுங்க. பாலீஷ் போட்ட டயர நம்பவே நம்பாதீங்க, சுண்ணாம்பு அடிச்ச பழைய செவுரு மாதிரி.

தேய்மானத்துலயும் விசயம் இருக்கு, நடுவுல தேஞ்சா காத்து ஜாஸ்தி, ரெண்டு ஓரமும் தேஞ்சா காத்து கம்மி, ஒரு ஓரம் மட்டும்னா அலைன்மெண்ட் கோளாறு, இல்லைன்னா ஃப்ரண்ட் புஷ் (முன் சஸ்பென்ஷன் மூட்டுல இருக்கற ரப்பர்) போயிருக்கும். குழி குழியா இருந்தா ஷாக் அப்சார்பர். சட்டப்படி காருக்கு 1.6 மி.மீ. பட்டன் இருந்தா போதும், ஆனா மழைத் தண்ணி வெளிய போக அது பத்தாது, என் வண்டில 3 வந்தாலே மாத்திடுவேன்.

மதுரை_பத்மினி:
ரப்பர்வாசி சார் ரொம்பத்தான் பயமுறுத்துறீங்க. எங்க பிரீமியர் பத்மினி கார்ல கெடக்குற டயருக்கு பதினாலு வயசு, ஒன்னும் ஆகல. வருசத்துக்கு ஆயிரம் கிலோமீட்டர் கூட ஓடாத வண்டிக்கு எதுக்குய்யா புது டயரு? அதுவும் இந்த சைஸ் இப்ப எந்தக் கடைல ரெடியா இருக்கு, சொல்லி வெச்சு வாங்கணும். மெதுவா ஓட்டுங்க, போதும்.

ரப்பர்வாசி:
மதுரைக்காரரே, அந்தத் தம்பியும் 40லதான் போயிருக்காரு. அந்த வண்டில ஏபிஎஸ் (பிரேக் போட்டா சக்கரம் லாக்காகாம பாத்துக்கறது) கிடையாது, நாலு சக்கரத்துக்கும் டிரம் பிரேக், டயரும் ஒல்லி. ரோட்டத் தொடற இடம் ஒவ்வொரு சக்கரத்துக்கும் ஒரு உள்ளங்கை அளவுதான். கோடையில ரோட்டுல படிஞ்ச ஆயிலும் தூசியும் மொத மழையில வழவழன்னு ஆயிருக்கும், அதுல புது டயரே திணறும்.

அண்ணாநகர்_பழசு:
ஒரு விசயம் மட்டும் சொல்லிக்கிறேன் ப்ரோ. யாராவது "ரெண்டு ரேடியல் மட்டும் போட்டுக்க, சீப்பா முடியும்"னு சொல்லுவாங்க. ரேடியல்னா உள்ள நூல் குறுக்க நேரா ஓடற டயர், கிராஸ் ப்ளைன்னா நூல் சாய்வா ஒன்னுக்கொன்னு குறுக்க ஓடற பழைய ரகம். ஒரே அச்சுல ஒரு பக்கம் ரேடியல் ஒரு பக்கம் கிராஸ் ப்ளை போடவே கூடாது. வேற வழியே இல்லாம ரெண்டுதான்னா ரேடியல் பின்னாடிதான் போகணும். முன்னாடி போட்டா முன்பக்கம் நல்லா புடிச்சிக்கும், பின்பக்கம் முதல்ல விட்டுடும், வண்டி வால ஆட்டிட்டு சுத்திடும். நாலுமே ஒரே ரகமா போட்டுட்டா தலைவலி இல்ல. அப்புறம் ஸ்டெப்னியப் பாத்தீங்களா? எல்லாரும் அத மறந்துடறாங்க.

பொள்ளாச்சி_மார்க்4:
எல்லாருக்கும் நன்றிங்க. இன்னைக்கு காத்தால நாலையும் கழட்டிப் பார்த்துட்டேன். மூணுல 1109, ஒன்னுல 4108. பள்ளத்துக்கு அடியிலயும் வெடிப்பு, நகம் எறங்கவே இல்ல. முன்னாடி ரெண்டுலயும் உள் ஓரம் மட்டும் தேஞ்சிருக்கு, அது வெளிய நின்னு பார்த்தா தெரியவே இல்லீங்க.

ஸ்டெப்னிதான் காமெடி. டிக்கில ஒரு தடவ கூட எறக்காம புத்தம்புதுசா இருக்கு, மேல ரப்பர் முள்ளு கூட உதுரல, இதையாச்சும் வெச்சுக்கலாம்னு சந்தோசப்பட்டேன். நம்பரப் பார்த்தா மூணே மூணு, 328. இதுக்கு என்ன அர்த்தம்ங்க?

ரப்பர்வாசி:
2000க்கு முன்னாடி மூணு நம்பர்தான் தம்பி. 32வது வாரம், கடைசி 8 வருசத்தோட கடைசி நம்பர், அதாவது 98. இல்லைன்னா 88ஆ கூட இருக்கலாம். அஞ்சா ஆர்டர் பண்ணுங்க, ட்யூபும் அஞ்சு. பழைய ட்யூப புது டயருக்குள்ள போட்டா மடிஞ்சு உக்காந்து வெடிக்கும். போடறதுக்கு முன்னாடி அந்த ஃப்ரண்ட் புஷ்ஷ சரி பண்ணிடுங்க, இல்லைன்னா புதுசும் உள் ஓரமா தேஞ்சு நிக்கும்.

மதுரை_பத்மினி:
எங்க வண்டிலயும் போயி பாத்தேன். வீட்டுல சொல்லிராதீங்க.