விஆரில் விமானம் ஓட்ட எந்தக் கம்ப்யூட்டர்? பட்ஜெட் 4,000 சிங்கப்பூர் வெள்ளி

பொங்கோல்_பைலட்:

வணக்கம். மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் 2024 என்ற விமானம் ஓட்டும் கேமை இதுவரை ஒரு பழைய லேப்டாப்பில் தட்டுத்தடுமாறி ஓட்டிக்கொண்டிருந்தேன். நண்பர் வீட்டில் குவெஸ்ட் 3 விஆர் ஹெட்செட்டை (சுற்றிலும் காட்சி தெரியும்படி கண்ணில் மாட்டுவது) மாட்டிக்கொண்டு செலேத்தார் விமான நிலையத்திலிருந்து செஸ்னா 172 என்ற குட்டி விமானத்தில் ஒரு சுற்று வந்தேன், அதற்கப்புறம் தட்டைத் திரையில் ஓட்டவே மனசு வரவில்லை.

கம்ப்யூட்டருக்கு மட்டும் 4,000 வெள்ளி, ஜிஎஸ்டி சேர்த்து. ஹெட்செட்டுக்குத் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன், இன்னும் வாங்கவில்லை. திரை, கீபோர்டு, ஜாய்ஸ்டிக் எல்லாம் இருக்கின்றன. சிம் லிம் கம்ப்யூட்டர் கடைகளில் ஏறி இறங்கியதில் ஒரு கடையில் கோர் ஐ9 சிபியு (பிராசசர்), 12 ஜிபி கிராஃபிக்ஸ் கார்டு, தண்ணீர்க் கூலர், மூன்று பக்கமும் கண்ணாடி, கலர் கலராக விளக்கு என்று கோட்டேஷன் போட்டுக் கொடுத்தார்கள். அடுத்த கடையில் "வீவக ரூமில் எதுக்குங்க இவ்வளவு பெரிய பெட்டி, லேப்டாப்பிலேயே 5080 கார்டு வருதே" என்கிறார்கள். மனைவிக்கும் லேப்டாப்தான் பிடித்திருக்கிறது. செஸ்னாவும் ஏ320 பயணிகள் விமானமும் ஓட்டுவேன், போர் விமானம் பக்கம் போக மாட்டேன். சாங்கியிலிருந்து சென்னைக்கு ஒரு தடவையாவது முழுசாகப் போக வேண்டும். எதை எடுப்பது?

டவர்_காரன்:

தம்பி, கம்ப்யூட்டரை அப்புறம் பார்க்கலாம், எந்த ஹெட்செட் என்று முதலில் சொல்லுங்கள். அதுதான் கார்டை முடிவு செய்யும். குவெஸ்ட் 3-இல் ஒரு கண்ணுக்கு 2064 × 2208 புள்ளி. இரண்டு கண்ணையும் கூட்டினால் ஒரு 4கே திரையைவிடச் சற்று அதிகம், லென்ஸின் வளைவைச் சரிக்கட்ட அதற்கும் மேலே கூட்டித்தான் படம் வரைய வேண்டியிருக்கும். பைமேக்ஸ் கிரிஸ்டல் லைட் என்றால் ஒரு கண்ணுக்கு 2880 × 2880, அதாவது கண்ணுக்கு ஒரு 4கே. அந்த ஆசை இருந்தால் 4,000 வெள்ளி பட்ஜெட்டை இப்போதே மறந்துவிடலாம்.

திரையில் வினாடிக்கு 40 ஃப்ரேம் (படம்) வந்தால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். விஆரில் 72 ஹெர்ட்ஸுக்கு (வினாடிக்கு 72 படம்) ஒவ்வொரு படமும் 14 மில்லிசெகண்டுக்குள் வந்தாக வேண்டும், 90 ஹெர்ட்ஸ் என்றால் 11. தவறினால் தலை திரும்பும்போது உலகம் இழுபடும், வயிறு உடனே புகார் சொல்லும். அதனால் சராசரி ஃப்ரேம் எத்தனை என்று பார்த்து ஏமாறக் கூடாது, திடீர் திடீரென்று விழுகிறதா என்பதுதான் முக்கியம். இந்த சிமுலேட்டரில் விழுவது பெரும்பாலும் சிபியுவால்தான். பெரிய விமான நிலையம், சுற்றிலும் டிராஃபிக், ஏ320-இன் கணினிகள் எல்லாவற்றுக்குமான வேலையில் பெரும்பங்கு ஒரே த்ரெட்டில், அதாவது ஒரே வேலை வரிசையில், வந்து நிற்கும். சிபியுவில் 24 கோர் (தனித்தனியாக வேலை செய்யும் பகுதி) இருந்தாலும் அந்த ஒரு கோர்தான் மூச்சு வாங்கும்.

அதனால் அந்த ஐ9-ஐ விடுங்கள். ரைசன் 7 9800எக்ஸ்3டி அல்லது 7800எக்ஸ்3டி சிபியு எடுங்கள். எட்டே கோர்தான், ஆனால் எல்3 கேஷ் (சிப்பிலேயே இருக்கும் வேகமான மெமரி) 96 எம்பி. ஐ9 14900கே-யில் அது 36. அஞ்சறைப்பெட்டி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் கடுகுக்காக ஸ்டோர் ரூமுக்கு ஓட வேண்டாம் இல்லையா, அதே கதை. இந்தச் சிப்புக்குத் தண்ணீர்க் கூலரும் தேவையில்லை, நல்ல காற்றுக் கூலரே தாங்கும். கூலரிலும் கண்ணாடியிலும் விளக்கிலும் மிச்சமாகும் காசைக் கார்டில் போடுங்கள். 16 ஜிபிக்குக் குறைந்து வாங்காதீர்கள், கார்டின் மெமரி நிரம்பிவிட்டால் பிறகு எந்த செட்டிங்கை மாற்றினாலும் தாவித் தாவித்தான் ஓடும். உங்கள் பட்ஜெட்டுக்கு ஆர்டிஎக்ஸ் 5070 டிஐ பொருத்தம். ரேம் 32 ஜிபி போதும், 64 இருந்தால் நல்லது, ஆனால் ரேமுக்காகக் கார்டைக் குறைக்காதீர்கள்.

ரேடியேட்டர்_ராணி:

லேப்டாப் பற்றி நான் சொல்கிறேன், ஏனென்றால் இந்தப் பெயர் விளையாட்டு எனக்கு எரிச்சலாக வருகிறது. மேசைக் கம்ப்யூட்டர் 5080-இல் 10,752 கிராஃபிக்ஸ் கோர், லேப்டாப் 5080-இல் 7,680. மேசைக் கார்டு 360 வாட் வரை இழுக்கும், லேப்டாப்பில் அதில் பாதிகூடக் கிடைக்காது. பெயர் மட்டும் ஒன்று. சாதாரண கேமுக்கு அது போதும், வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் விஆர் என்பது மணிக்கணக்கில் சிபியுவும் கார்டும் சேர்ந்து முழு மூச்சில் ஓடும் வேலை. நம் ஊர் வெப்பத்தில் ஏர்கான் இல்லாத ரூமில் லேப்டாப் சூடாகி வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும், அது பெரும்பாலும் நீங்கள் இறங்கப்போகும் நேரமாகத்தான் இருக்கும் :) இன்னொன்று, நாளைக்குக் கார்டு மட்டும் மாற்ற வேண்டுமென்றால் லேப்டாப்பில் வழியே இல்லை. ரைசன் பொருந்தும் ஏஎம்5 மதர்போர்டு என்றால் சிபியுவையும் பிறகு மாற்றிக்கொள்ளலாம்.

மனைவிக்கு இடம்தானே பிரச்சினை? மைக்ரோ ஏடிஎக்ஸ் (சின்ன அளவு) போர்டும் சின்னப் பெட்டியும் கேளுங்கள், மேசைக்கு அடியில் போய்விடும். முன்பக்கம் கண்ணாடி வேண்டாம், வலைபோட்டதாக இருக்கட்டும்.

மின்சாரம் பற்றி யாராவது பயமுறுத்துவதற்கு முன்னால்: ஓடும்போது 500 வாட் என்று வைத்தாலும் இரண்டு மணி நேரத்துக்கு 1 யூனிட். கூட ஓடும் ஏர்கானையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நடுக்கடல்:

நான் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன், கோபப்பட வேண்டாம். செஸ்னாவுக்கு விஆரை மிஞ்ச எதுவும் இல்லை. மலேசியாவின் தியோமான் தீவில் மலைக்கும் கடலுக்கும் நடுவே இறங்கும்போது தலையைத் திருப்பி ஓடுபாதையைத் தேடுவது இருக்கிறதே, அதைத் திரையில் செய்யவே முடியாது. ஆனால் சாங்கி டு சென்னை சுமார் நாலு மணி நேரம். குவெஸ்ட் 3-இன் பேட்டரி தனியாக இரண்டு மணி நேரம் சொச்சம்தான் தாங்கும், கேபிள் போட்டாலும் சில போர்ட்டில் இழுக்கும் அளவுக்கு சார்ஜ் ஏறாது. முகம் வேர்க்கும், தண்ணீர் குடிக்கக் கையால் துழாவ வேண்டும், மேலே 35,000 அடியில் பார்ப்பதற்கும் ஒன்றும் இல்லை.

அப்புறம் ஏ320-இன் திரைகளில் இருக்கும் குட்டி எழுத்து. ஃப்ரேமைக் கூட்ட டிஎல்எஸ்எஸ் (படத்தைச் சின்னதாக வரைந்து பெரிதாக்குவது) போடுவீர்கள், போட்டதும் உயரம் காட்டும் எண்கள் மாறும்போது பின்னால் பிசிறு இழுக்கும். டிஎல்ஏஏ (முழு அளவிலேயே வரைந்து ஓரத்தை மட்டும் சீராக்குவது) போட்டால் தெளிவு, ஆனால் கார்டு திணறும். 5070 டிஐ வைத்துக்கொண்டு சாங்கியில் ஏ320-ஐ 90 ஃப்ரேமில் ஓட்டலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 72 ஹெர்ட்ஸில் வைத்து 36 ஃப்ரேமில் பூட்டி, நடுவில் வரும் படத்தை ஹெட்செட் பக்கமே இட்டு நிரப்பட்டும் என்று விடுவதுதான் நடைமுறை. புரொப்பல்லர் ஓரத்தில் கொஞ்சம் நெளியும், பழகிவிடும். விளம்பரத்தில் வரும் டிஎல்எஸ்எஸ் ஃப்ரேம் ஜெனரேஷன் (நடுவில் வரும் படத்தைக் கார்டே இட்டு நிரப்புவது) விஆரில் வேலை செய்யாது, கடைக்காரர் காட்டும் அந்தப் பெரிய எண்ணைப் பார்த்துக் காசு கொடுக்காதீர்கள்.

என்னைக் கேட்டால் கிளம்பும்போதும் இறங்கும்போதும் ஹெட்செட், நடுவில் கழற்றிவிட்டுத் திரை.

டவர்_காரன்:

நடுக்கடல் சொல்வது சரிதான், 36-இல் பூட்டுவதில் வெட்கம் எதுவும் இல்லை. இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: கேமின் டெவலப்பர் மோடில் ஃப்ரேம் பெட்டியைத் திறந்தால் மெயின் த்ரெட் (சிபியு) தடுக்கிறதா ஜிபியு (கிராஃபிக்ஸ் கார்டு) தடுக்கிறதா என்று அதுவே சொல்லும். மெயின் த்ரெட் என்றால் நிலப்பரப்பு விவர அளவையும் டிராஃபிக்கையும் குறைக்கவும், ஜிபியு என்றால் மேகத்தையும் ரெண்டர் அளவையும். நிறைய பேர் சிபியு திணறும்போது மேகத்தைக் குறைத்துவிட்டு ஒன்றும் மாறவில்லை என்று இங்கே வந்து புலம்புகிறார்கள்.

ரவுட்டர்_மாமா:

கம்பியா, வைஃபையா என்று யாரும் சொல்லவில்லையே. குவெஸ்ட் 3-இல் டிஸ்ப்ளேபோர்ட் (கார்டிலிருந்து படத்தை நேராக வாங்கும் இணைப்பு) கிடையாது, கார்டு படத்தை வீடியோவாகச் சுருக்கி அனுப்பும், ஹெட்செட் விரிக்கும். கம்பியில்லாமல் வேண்டுமென்றால் ரவுட்டர் அதே ரூமில் இருக்க வேண்டும், கம்ப்யூட்டரிலிருந்து ரவுட்டருக்கு லேன் கேபிள் கட்டாயம். ஹாலில் இருக்கும் ரவுட்டரை நம்பாதீர்கள், நடுவில் வெடிகுண்டுப் பாதுகாப்பு அறை இருந்தால் அந்தக் கான்கிரீட் சுவர் சிக்னலை விழுங்கிவிடும். புளோக் முழுக்க 5 கிகாஹெர்ட்ஸில்தான் குடியிருக்கிறார்கள், அதனால் வைஃபை 6இ ரவுட்டர் வாங்கி 6 கிகாஹெர்ட்ஸில் ஹெட்செட்டை மட்டும் தனியாக விடுங்கள். உட்கார்ந்து ஓட்டுகிற ஆளுக்கு இதெல்லாம் எதற்கு, நல்ல யுஎஸ்பி கேபிள் போதும் என்றாலும் சரிதான்.

கரோசெல் செகண்ட்ஹேண்ட் தளத்தில் எச்பி ரிவெர்ப் ஜி2 ஹெட்செட் மலிவாக வரும், கை வைக்காதீர்கள். விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பிலிருந்து மைக்ரோசாஃப்ட் அதற்கான மிக்ஸ்ட் ரியாலிட்டி மென்பொருளையே எடுத்துவிட்டது.

பொங்கோல்_பைலட்:

எல்லோருக்கும் நன்றி. லேப்டாப் இல்லை என்று வீட்டில் சொல்லியாகிவிட்டது, மேசைக்கு அடியில் வைக்கிறேன் என்றதும் சம்மதம் கிடைத்துவிட்டது. குவெஸ்ட் 3, கேபிள். 9800எக்ஸ்3டி, 5070 டிஐ, 32 ஜிபி, 2 டிபி எஸ்எஸ்டி, காற்றுக் கூலர் என்று புதுசாகக் கோட்டேஷன் கேட்டேன், இரண்டு கடையில் 4,000-க்குச் சற்று மேலே வருகிறது. 9800-ஐ 7800 ஆக்கினால் உள்ளே வந்துவிடும். அப்படியே செய்யலாமா? பவர் சப்ளை 650 வாட் என்று எழுதியிருக்கிறார்கள், போதுமா அண்ணே?

டவர்_காரன்:

7800 தாராளமாக. இரண்டுக்கும் வித்தியாசம் இருக்கிறது, ஆனால் 36-இல் பூட்டி ஓட்டுபவருக்கு அது பெரிதாகத் தெரியாது. பவர் சப்ளையில் மிச்சம் பிடிக்காதீர்கள், அந்தக் கார்டுக்கு என்விடியாவே 750 சொல்கிறது, நான் 850 போடுவேன், நாளைக்குக் கார்டு மாற்றும்போது உதவும். எஸ்எஸ்டி 2 டிபியை 1 ஆக்கினால் அந்தக் காசு வந்துவிடும், உலகத்தை இந்த கேம் இணையத்திலிருந்துதான் இறக்கிக்கொள்கிறது. பில் போடும்போது பவர் சப்ளை, ரேம் இரண்டின் பிராண்டையும் மாடலையும் எழுதச் சொல்லுங்கள், வெறும் "850 வாட்" என்று எழுதினால் ஒத்துக்கொள்ளாதீர்கள். எடுக்கும் முன்னால் கடையிலேயே ஆன் செய்து, பயாஸில் (கம்ப்யூட்டரின் அடிப்படை செட்டிங்கில்) எக்ஸ்போ (ரேமை அதன் முழு வேகத்தில் ஓடவிடுவது) போட்டு ரேம் 6000 வேகத்தில் ஓடுகிறதா என்று பாருங்கள்.