எழுத்தாளரைப் பார்க்கப் போன கதை: அவரவர் அனுபவம்

கரிசல்காட்டான்:
நானே ஆரம்பிக்கிறேன். பத்துப் பன்னிரண்டு வருசம் இருக்கும். ஒரு சிற்றிதழுக்காகக் கோவில்பட்டிப் பக்கம் ஒரு பெரியவரைப் பேட்டி எடுக்கப் போனேன். பெயர் வேண்டாம், பேட்டி என்றாலே தோட்டத்துப் பக்கம் நழுவுகிற ஆள். நோட்டில் முப்பத்திரண்டு கேள்வி எழுதிக்கொண்டு போயிருந்தேன். முதல் கேள்வி, "உங்கள் படைப்புகளில் நிலம் வகிக்கும் இடம் என்ன?" இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

அவர் அதைக் காதிலேயே வாங்கவில்லை. "எந்தூருப்பா நீ?" என்றார். சொன்னேன். "உங்க ஊர்ல மழ பேஞ்சா எவ்வளவு பேஞ்சதுன்னு எப்படிச் சொல்லுவீக?"

"நல்ல மழைன்னு சொல்லுவோம்."

"அது டவுன்காரன் சொல்றது. ஒரு உழவு மழையா, ரெண்டு உழவு மழையா?"

ஈரம் எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்பதைக் கலப்பையை வைத்து அளக்கிற கணக்கு. சம்சாரிக்கு மில்லிமீட்டர் எதற்கு? அதிலிருந்து பேச்சு எழுத்தாளர் கி. ராஜநாராயணனுக்கு, நம்ம கி.ரா.வுக்குப் போனது. மழைக்குத்தான் பள்ளிக்கூடத்தில் ஒதுங்கினேன், அப்போதும் மழையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று கி.ரா. தன்னைப் பற்றிச் சொல்லிக்கொண்டது எல்லோருக்கும் தெரியும். அந்த மனுசர்தான் கரிசல் வட்டார வழக்குக்கு அகராதி போட்டார்; புதுவைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகவும் இருந்தார். இடைசெவல் என்கிற ஒரே ஊரில் பிறந்த கூட்டாளிகள் கி.ரா.வும் கு. அழகிரிசாமியும். இரண்டு பேருக்கும் சாகித்ய அகாதெமி. கி.ரா.வுக்கு 1991இல். அழகிரிசாமிக்கு 1970இல், அதுவும் அவர் போன பிறகு. "விருது வந்து வாசல்ல நிக்கி, ஆள் இல்ல" என்று சொல்லிவிட்டுப் பெரியவர் கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

செல்போனில் பதிவு போட்டிருந்தேன். இடம் நிறைந்து பதினோராவது நிமிசத்தில் அது நின்றுபோனது பஸ் ஏறின பிறகுதான் தெரிந்தது. நோட்டில் கேள்விகளுக்கு நடுவே சொற்கள் மட்டும் கிறுக்கலாக இருந்தன. இதழாசிரியர் "பதிலெல்லாம் எங்கே?" என்றார். பேட்டி வரவே இல்லை.

யாழ்வாசி:
எனக்கு அப்ப பதினாலு வயசிருக்கும், எழுபதுகளின்ர கடைசி. மாமாவோட யாழ்ப்பாணம் ரவுனுக்குப் போயிருந்தன். வெள்ளை வேட்டி, வெள்ளை நஷனல் சட்டை, கையில ஒரு பையோட ஒருத்தர் வந்தார். எழுத்தாளர் டொமினிக் ஜீவா. பைக்குள்ள 'மல்லிகை' எண்ட அவற்ற இலக்கிய இதழ். ஆசிரியரும் அவர்தான், கொண்டுதிரிஞ்சு விக்கிறதும் அவர்தான்.

மல்லிகை அட்டையில ஒவ்வொரு முறையும் ஒரு எழுத்தாளரின்ரயோ கலைஞரின்ரயோ முகம் வரும். சினிமாக்காரர் இல்லாத அட்டை எனக்குப் புதினம். இது ஆர் எண்டு மாமாட்டக் கேட்டன், மாமாக்குத் தெரியேல்லை. ஜீவா நிண்டு சொல்லத் தொடங்கினார். எவ்வளவு நேரமெண்டு கேளாதேங்கோ, எங்கட பஸ் போட்டுது.

சாதியால பட்ட அவமானத்தோட சின்ன வயசிலேயே பள்ளிக்கூடத்தை விட்டவர், சலூன்ல தொழில் செய்துகொண்டு வாசிச்சு வளர்ந்தவர் எண்டதெல்லாம் பிறகு அவற்ற சுயசரிதையிலதான் படிச்சன். 'தண்ணீரும் கண்ணீரும்' தொகுப்புக்கு இலங்கைச் சாகித்திய விருது கிடைச்சது. 1966இல தொடங்கின மல்லிகையை 2012 வரைக்கும் இழுத்துக்கொண்டு வந்தார். யுத்தம், இடப்பெயர்வு எல்லாத்துக்குள்ளாலயும். 2021 சனவரியில கொழும்பில காலமானார்.

தி.நகர் பழசு:
பேசாமல் வந்ததை இங்கே எழுதலாமா? 1973 வாக்கில் நான் கல்லூரி மாணவன். நடேசன் பூங்கா பெஞ்சில் ஒல்லியாக ஒருவர் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருப்பார். அசோகமித்திரன் என்று நண்பன்தான் காட்டினான். கணையாழி இதழில் அவருடைய 'தண்ணீர்' நாவல் தொடராக வந்திருந்த காலம். எங்கள் வீட்டுப் பம்பில் காற்று மட்டும்தான் வரும். ராத்திரி குடத்தோடு வரிசையில் நின்ற குடும்பம் எங்களுடையது. "சார், எங்க தெருவைத்தானே எழுதறீங்க?" என்று கேட்க வேண்டும் என்று பெஞ்சைச் சுற்றி இரண்டு தடவை நடந்தேன். அவர் தலையைத் தூக்கவில்லை. மூன்றாவது சுற்றில் எனக்கே வெட்கமாகி வெளியே வந்து வேர்க்கடலை வாங்கிக்கொண்டேன். ஜெமினி ஸ்டூடியோ வேலையை விட்டுவிட்டு எழுத்தை நம்பி வந்தவர் என்று அப்போது தெரியாது. தெரிந்திருந்தால் இன்னும் பயந்திருப்பேன்.

செய்யாத்துப் பொண்ணு:
நான் போனது கூத்து வாத்தியாரிடம். ஆய்வுப் படிப்புக்காக. பகலில் போனால் தூங்குகிறார். ராத்திரி போனால் ஆட்டம். கடைசியில் அரிதாரம் பூசுகிற நேரம்தான் கிடைத்தது. பாதி முகம் சிவப்பு, பாதி முகம் அவர் முகம். அந்த ஒரு மணி நேரம் அப்பா அடித்தது, முதல் வேசம் கட்டியது, கடன், பெண் கல்யாணம் எல்லாம் சொன்னார். கிரீடத்தைத் தலையில் வைத்துக் கட்டியதும் அவ்வளவுதான். "வாத்தியாரே, கடைசியா ஒண்ணு" என்றேன். திரும்பிப் பார்த்தது துரியோதனன். நான் ஜமுக்காளத்தில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

தி.நகர் பழசு:
யாழ் தம்பி, அந்த அட்டையில் இருந்தது யார்? அதைச் சொல்லவே இல்லையே.

யாழ்வாசி:
அதுதான் அண்ணை வெக்கம். ஆளை மறந்துபோனன். பஸ் போனதும் மாமா பேசினதும் மட்டும் நல்லா ஞாபகம் இருக்கு.

செய்யாத்துப் பொண்ணு:
கரிசல் அண்ணா, அந்த நோட்டு இருக்கா? சொற்களையாவது போடுங்களேன்.

கரிசல்காட்டான்:
இருக்கிறது. பத்தொன்பது சொல். இரண்டு என் கையெழுத்து எனக்கே புரியவில்லை. கிளம்பும்போது அவர் ஒரு வேலை கொடுத்து அனுப்பினார்: "பூ உதுந்தாப்புல லேசா விழுமே, அந்த மழைக்கு உங்க அம்மை ஊர்ல என்ன பேருன்னு கேட்டுச் சொல்லு." நானும் மறந்துவிட்டேன். போன மாசம் வேறு ஏதோ பேச்சில் அம்மா தானாகவே சொன்னாள், "வெளிய பூந்தூத்தலா இருக்கு, துணிய எடு." துணியை எடுக்காமல் நோட்டைத் தேடிக்கொண்டிருந்தேன். அவர் போன் எடுப்பதில்லை. கார்டு ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன், நாளைக்குப் போட வேண்டும்.