புரோஸ்டேட் புற்றுநோய்: ஒப்பரேஷனா, கதிர்ச் சிகிச்சையா?

முரசுமோட்டை வாத்தியார்:

வணக்கம். எனக்கு 66 வயது. படிப்பித்து ஓய்வு பெற்றவன், இப்போது இரணைமடுத் தண்ணீரில் நெல் விதைக்கிறேன். இரவில் அடிக்கடி சலம் போகிறது என்று காட்டப் போன இடத்தில் பிஎஸ்ஏ என்ற இரத்தப் பரிசோதனை 11.4 என்று வந்தது. சதைத் துண்டு எடுத்துப் பார்த்த பயொப்சியில், புற்றுநோயின் வேகத்தைக் காட்டும் கிளீசன் அளவு 4+3. எலும்பு ஸ்கானில் ஒன்றும் இல்லை.

புரோஸ்டேட் சுரப்பியை வெட்டி எடுக்கலாம், அல்லது கதிர்ச் சிகிச்சையும் ஆறு மாதம் ஆண் ஹோர்மோனைக் குறைக்கும் ஊசியும் எடுக்கலாம், பலன் கிட்டத்தட்ட ஒன்றுதான், யோசித்து வந்து சொல்லுங்கள் என்றார் டொக்டர். எதை வைத்து யோசிப்பது? கனடாவில் இருக்கும் மகன் உடனே வெட்டச் சொல்கிறான். மனைவிக்கு ஒப்பரேஷன் என்றாலே பயம்.

இன்னொன்று. 2009இல் புதுமாத்தளனில் பட்ட ஷெல் துண்டு ஒன்று இடுப்புக்குள் இன்னும் கிடக்கிறது. அப்போது வயிற்றைத் திறந்து குடலையும் தைத்தார்கள். கிளினிக்கில் அதைப் பற்றிப் பேச்சு வரவில்லை. இப்போது எம்ஆர்ஐக்கு எழுதித் தந்திருக்கிறார்கள். சிக்கல் வருமா?

உயிர் முக்கியம்தான். ஆனால் சலம் கசியாமல் வயலில் நிற்க முடியுமா, மனைவியோடு பழையபடி இருக்க முடியுமா என்பதும் எனக்கு முக்கியம். அனுபவப்பட்டவர்கள் மறைக்காமல் சொல்லுங்கள்.

மல்லாவியான்:

ஐயா, நான் ஒப்பரேஷன் செய்தவன். உங்களைவிடச் சில வயது இளமை. சலக்குழாயோடு வீட்டுக்கு வந்தேன். அதைக் கழற்றிய பிறகுதான் கஷ்டம் தொடங்கியது. இருமினாலும் கசியும், மண்வெட்டியைத் தூக்கினாலும் கசியும். சலத்தை அடக்குகிற தசையை இறுக்கி விடுகிற பயிற்சியைச் சொல்லித் தந்தார்கள். அதை விடாமல் செய்ததில் மாதக்கணக்கில் மெல்ல மெல்லக் குறைந்தது. இப்போது பாரம் தூக்கினால் மட்டும் கொஞ்சம். வயல் வேலை செய்கிறேன்.

மற்ற விஷயம் பழையபடி வரவில்லை. குளிசை கொஞ்சம் உதவுகிறது. ஒப்பரேஷனுக்கு முன்பே அதற்கான நரம்புகளைக் காப்பாற்ற முடியுமா என்று டொக்டரிடம் கேளுங்கள், நோய் எந்தப் பக்கம் எவ்வளவு என்பதைப் பொறுத்துச் சொல்வார். மனைவியையும் கூட்டிக்கொண்டு போய்க் கேளுங்கள்.

நான் இதை எடுத்ததற்குக் காரணம், நோய் திரும்பினால் கதிர்ச் சிகிச்சை கையில் மிச்சம் இருக்கிறது என்பதுதான். முதலில் கதிர் கொடுத்துவிட்டால், பிறகு அந்த இடத்தை வெட்டுவது மிகக் கடினம் என்று சொன்னார்கள்.

வவுனியா மகள்:

ஐயா, என் அப்பாவுக்கு 74. இதய வருத்தமும் இருந்ததால் கதிர்ச் சிகிச்சைதான் என்று முடிவானது. தெல்லிப்பழையில் கொடுத்தார்கள். திங்கள் முதல் வெள்ளி வரை தினமும், மொத்தம் 20 தடவை. வவுனியாவில் இருந்து போய்வர முடியாது என்று சுன்னாகத்தில் மாமி வீட்டில் தங்கினோம். உங்களுக்கும் அங்கே தங்க ஒரு வீடு இருந்தால் நல்லது. அறுவடைக் காலத்தோடு முட்டாமல் திகதி கேட்டுப் பாருங்கள்.

கதிர் படும்போது வலி இல்லை. ஒவ்வொரு முறையும் தண்ணீர் குடித்து சலப்பை நிரம்பிய பிறகுதான் படுக்க விடுவார்கள், அப்பாவுக்கு அதுதான் பெரிய பாடு. கடைசிப் பகுதியில் வயிற்றோட்டம், சலம் எரிவு. அவை அடங்கிவிட்டன. ஊசிதான் அவரை வாட்டியது. திடீரென்று உடம்பெல்லாம் கொதிக்கும், வியர்க்கும், சும்மா இருக்கக் கண் கலங்கும். ஆறு மாதம் என்பது கேட்கச் சின்னதாக இருக்கும், வீட்டில் உள்ளவர்கள் பொறுமையாக இருக்க வேண்டும். நீங்கள் கேட்ட மற்ற விஷயத்தை நான் அப்பாவிடம் கேட்டதில்லை.

வார்ட் தாதி:

வாத்தியார், முதலில் ஷெல் துண்டு. எம்ஆர்ஐ அறைக்குள் கால் வைக்க முன் கட்டாயம் சொல்லுங்கள். அது பெரிய காந்தம். உடம்புக்குள் இருக்கும் இரும்பை அசைக்கவும் சூடாக்கவும் கூடும். எக்ஸ்ரே எடுத்து, இரத்தக் குழாய்க்கோ நரம்புக்கோ பக்கத்தில் கிடக்கிறதா என்று பார்த்து அவர்கள் முடிவெடுப்பார்கள். வேண்டாம் என்றால் வேறு ஸ்கான் இருக்கிறது. நம்முடைய சனத்தில் எத்தனையோ பேர் உடம்பில் இரும்போடு நடமாடுகிறார்கள். யாரும் கேட்காவிட்டாலும் நாமே சொல்ல வேண்டும்.

குடல் தைத்ததையும் இரண்டு டொக்டர்மாருக்கும் சொல்லுங்கள். பழைய தழும்பில் குடல் ஒட்டிக் கிடந்தால் வெட்டுவது சிரமம், கதிரில் குடல் புண்படவும் வாய்ப்புக் கூடும். உங்கள் விஷயத்தில் முடிவு இதில்தான் தங்கும் என்று நினைக்கிறேன்.

இங்கிலாந்தில் 1,600 பேருக்கு மேல் சேர்த்து, கண்காணிப்பு, ஒப்பரேஷன், கதிர் என்று மூன்றாகப் பிரித்து 15 வருடம் பார்த்தார்கள். முடிவு 2023இல் வந்தது. எந்தப் பிரிவிலும் இந்த நோயால் இறந்தவர்கள் நூற்றுக்கு மூன்று பேர் அளவுதான். ஆனால் அவர்களில் பெரும்பாலானவர்களின் நோய் உங்களுடையதைவிட மெதுவானது. 4+3க்கு வெறுமனே பார்த்துக்கொண்டிருப்பது சரி வராது. அதற்காக இன்றைக்கே முடிவெடுக்கவும் தேவையில்லை, சில கிழமை எடுத்து யோசிக்கலாம். ஒப்பரேஷன் டொக்டரை மட்டும் கேட்காமல், கதிர்ச் சிகிச்சை டொக்டரையும் சந்திக்கக் கடிதம் கேளுங்கள். மகனையும் அந்த நேரம் போனில் எடுங்கள்.

முரசுமோட்டை வாத்தியார்:

எல்லோருக்கும் நன்றி. பழைய எக்ஸ்ரே படம் பெட்டியில் இருக்கிறது, அடுத்த கிளினிக்குக்குக் கொண்டு போகிறேன். மனைவியும் வருவதாகச் சொல்லிவிட்டார். மல்லாவியான் தம்பி, அந்தப் பயிற்சியை ஒப்பரேஷனுக்கு முன்பே தொடங்கலாமா?

மல்லாவியான்:

தொடங்கலாம் ஐயா, முன்பே பழகியவர்களுக்குப் பிறகு லேசு என்றுதான் எனக்கும் சொன்னார்கள். கிளினிக்கில் ஒருமுறை சரியாகக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். வயிற்றை இறுக்கினால் பலன் இல்லை.