‘அறிவுத்தொகை’ என்ற சொல்லைத் திரும்பப் பெறுகிறேன்

மடல் 1: செஞ்சுரியனிலிருந்து

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

ஆங்கிலத்தில் ‘பாடி ஆஃப் நாலெட்ஜ்’ (body of knowledge) எனப்படுவதற்கு, நம் கலைச்சொற்பட்டியலில் ‘அறிவுத்தொகை’ என்ற சொல்லை முன்மொழிந்தவன் நான்தான். அதை நானே திரும்பப் பெற விரும்புகிறேன். சென்ற மாதம் டர்பன் வந்திருந்தபோது, சாட்ஸ்வொர்த்தில் டீச்சர் அம்மா நடத்தும் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில், பிள்ளைகளுக்கு என் தொழிலான முறைமைப் பொறியியலை (சிஸ்டம்ஸ் இன்ஜினியரிங்) பற்றிப் பத்து நிமிடம் பேசச் சொன்னார்கள். நானும் பலகையில் ‘முறைமைப் பொறியியல் அறிவுத்தொகை’ என்று பெரிதாக எழுதிவிட்டுத் திரும்பினேன். மெட்ரிக் படிக்கும் ஒரு பையன் கையை உயர்த்தி, “அங்கிள், இந்தப் பர்சரிக்கு எப்போது மனுப் போட வேண்டும்?” என்று கேட்டான். முந்தைய வாரப் பாடத்தில் பர்சரிக்கு ‘உதவித்தொகை’ என்ற சொல் வந்திருந்ததாம். அவன் கேட்டதில் பிழையே இல்லை. இன்றைய தமிழில் தொகை என்றால் பணம். உதவித்தொகை, ஊக்கத்தொகை, காப்பீட்டுத்தொகை என்று எல்லாமே பணம்தான். எட்டுத்தொகையின் தொகையை மனத்தில் வைத்து நான் சொல்லை ஆக்கினேன். கேட்பவர் காதில் வங்கிதான் ஒலிக்கிறது.

அச்சுக்குப் போகும் முன்பே மாற்றிவிட வேண்டும் என்று நான் அவசரப்படுவதற்கு இந்தத் தென்னாப்பிரிக்க மண்ணின் அனுபவமே காரணம். 1860 நவம்பரில் சென்னையிலிருந்து ‘ட்ரூரோ’ கப்பல் ஒப்பந்தத் தொழிலாளர்களோடு டர்பனுக்கு வந்தது முதல், பதிவேட்டில் எழுத்தர்கள் காதில் விழுந்தபடி எழுதிய பெயர்களே இன்றும் நம் வீட்டு வாசல்களில் தொங்குகின்றன. கவுண்டர் கோவெண்டர் ஆனார், முதலி மூட்லி ஆனார். பதிவேட்டில் ஏறிய எழுத்து இறங்குவதில்லை.

இனி, நாம் பெயர் தேடும் பொருள் எது என்பதைச் சொல்கிறேன். நாங்கள் பேச்சில் ‘செபாக்’ என்று சுருக்கிச் சொல்லும் முறைமைப் பொறியியல் மேற்கோள் ஏடு, 2009இல் தொடங்கிய ஒரு திட்டத்தில், பல நாடுகளைச் சேர்ந்த ஏறத்தாழ 70 ஆசிரியர்களால் எழுதப்பட்டு, 2012 செப்டம்பரில் முதல் முழுப் பதிப்பாக வெளிவந்தது. இணையத்தில் யாரும் இலவசமாகப் படிக்கலாம். அவ்வப்போது புதுப்பிக்கவும் படுகிறது. இன்கோசி என்ற உலகளாவிய முறைமைப் பொறியாளர் மன்றம், ஐட்ரிபிள்ஈ (IEEE) என்ற மின், மின்னணுப் பொறியாளர் கழகம், ஸ்டீவன்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் தலைமையிலான ஆய்வு மையம் ஆகியவை அதன் பொறுப்பாளர்கள். இத்துறையின் அறிவு முழுவதும் அதற்குள் இருக்கிறது என்று நினைத்தால் ஏமாந்து போவோம். அந்த அறிவு நூல்களிலும் கட்டுரைகளிலும் தரநிலைகளிலும், முப்பது ஆண்டு வேலை பார்த்தவர்களின் தலைகளிலும் சிதறிக் கிடக்கிறது. செபாக் ஒவ்வொரு தலைப்பையும் சில பக்கங்களில் விளக்கிவிட்டு, மேலும் அறிய எங்கே போக வேண்டும் என்று கைகாட்டுகிறது.

‘களஞ்சியம்’ என்று வைக்கலாமே என்று கேப்டவுன் நண்பர் எழுதியிருந்ததை நான் ஏற்காததற்கு இதுவே காரணம். களஞ்சியம் என்றால் நெல் உள்ளே இருக்க வேண்டும். இங்கே உள்ளே இருப்பது, எந்தக் குதிரில் எந்த நெல் கிடக்கிறது என்ற குறிப்பே. ‘கையேடு’ என்பதும் ஒத்துவராது. எப்படிச் செய்ய வேண்டும் என்று படிப்படியாகச் சொல்லும் கையேட்டை இன்கோசி தனியாகவே வெளியிடுகிறது. ‘நிகண்டு’ எனக்குப் பிடித்த சொல். பொருள்வாரியாகப் பகுத்து வைப்பது என்ற அளவில் பொருத்தமும் உண்டு. ஆனால் அதற்கு விளக்கம் சொல்வதற்கே ஒரு மடல் எழுத வேண்டியிருக்கும். ‘அறிவுடல்’ என்று ஒருவர் அனுப்பியிருந்தார். அவரை மன்னித்துவிடுவோம்.

யார் யார் இந்த ஏட்டை எதற்காகத் திறக்கிறார்கள் என்று பார்த்தால்தான் சரியான சொல் பிடிபடும் என்று எனக்குத் தோன்றுகிறது. என்னைப் போன்ற முறைமைப் பொறியாளர் எவரும் இதை முதலிலிருந்து கடைசி வரை படிப்பதில்லை. கேள்வியோடு போகிறோம், அந்தப் பக்கத்தை மட்டும் பார்க்கிறோம். புதிதாக வேலைக்குச் சேரும் இளைஞர்களுக்கு ‘முறைமை எல்லை’ என்பதை விளக்க, அதற்குரிய பகுதியைப் படிக்கச் சொல்லிவிட்டு, பிரிட்டோரியா ரயில் நிலையத்துக்கு அழைத்துப் போவது என் வழக்கம். 2010இல் ஓடத் தொடங்கிய கௌட்ரெயின் என்ற விரைவு ரயிலின் தண்டவாள அகலம் 1,435 மில்லிமீட்டர். பக்கத்திலேயே கிடக்கும் பழைய புறநகர்த் தண்டவாளத்தின் அகலம் 1,067. இடையே உள்ள 368 மில்லிமீட்டரால் ஒரு வண்டி மற்றதன் பாதையில் ஒருபோதும் ஓட முடியாது. ஆனால் பயணி கடந்துபோகிறார். ஆகவே இரண்டு முறைமைகளும் சந்திக்கும் இடம் தண்டவாளத்தில் இல்லை. படிக்கட்டிலும் பயணச்சீட்டிலும் கால அட்டவணையிலும் இருக்கிறது. இதை நடைமேடையில் நின்று பார்த்துவிட்டு அந்தப் பகுதியை மறுபடி படிக்கும் இளைஞருக்கு, முதலில் விளங்காத பத்தி விளங்கிவிடுகிறது.

வேறு துறைப் பொறியாளரின் வழி வேறு. சிக்னல் பிரிவில் இருக்கும் என் சக ஊழியர், தொடர்புடைய துறைகளைப் பற்றிய பாகத்தைத் தாண்டிப் போனதே இல்லை. தன் வேலை எங்கே முடிகிறது, எங்கள் வேலை எங்கே தொடங்குகிறது என்பது தெரிந்தால் அவருக்குப் போதும். மேலாளர்கள் முன்னுரையைப் படிப்பார்கள். பிறகு நேரே நடைமுறை எடுத்துக்காட்டுகளுக்குத் தாவி, ஹப்பிள் தொலைநோக்கியின் கதையையோ சிங்கப்பூர் தண்ணீர் மேலாண்மையின் கதையையோ படித்துவிட்டுக் கூட்டத்தில் எடுத்துவிடுவார்கள். கல்லூரி ஆசிரியர்களுக்கு இது பாடத்திட்டத்தின் அடிமனை. முதுநிலைப் படிப்புக்கான மாதிரிப் பாடத்திட்டம் ஒன்றும் இதோடு இணைந்து 2012 டிசம்பரில் வெளிவந்தது. ஆய்வாளர் கட்டுரையின் கடைசியிலிருந்து, அதாவது மேற்கோள் பட்டியலிலிருந்துதான், படிக்கத் தொடங்குவார்.

அரசுக்காகவோ நிறுவனத்துக்காகவோ கொள்முதல் செய்பவரும், அவருக்கு ஒப்பந்தம் எழுதும் வழக்கறிஞரும் திறப்பது கலைச்சொல் விளக்கத்தை மட்டுமே. ஒரு சொல் அவர்களுக்குப் பல கோடி ராண்டு பெறும். ‘சரிபார்ப்பு’ என்றால் கேட்டபடி கட்டப்பட்டதா என்று பார்ப்பது. ‘ஏற்புறுதி’ என்றால் கட்டியது பயன்படுத்துபவரின் தேவையைத் தீர்க்கிறதா என்று பார்ப்பது. கரூ வறண்ட நிலத்தில் நிற்கும் மீர்காட் வானொலித் தொலைநோக்கியில் 64 அலைவாங்கிகள் உள்ளன. ஒவ்வொன்றின் தட்டும் 13.5 மீட்டர் விட்டம் உடையது. அந்தத் தட்டின் வளைவு வரைபடத்தில் உள்ளபடி இருக்கிறதா என்று அளப்பது சரிபார்ப்பு. 64 அலைவாங்கிகளும் சேர்ந்து வானியலாளர் பார்க்க விரும்பியதைக் காட்டுகின்றனவா என்பது ஏற்புறுதி. முன்னது தேறிப் பின்னது தோற்றால் பணம் யார் கொடுப்பது? வழக்கறிஞர் ஏட்டைத் திறப்பது இந்தக் கேள்விக்காகவே.

ஆகவே ஒரே ஏடு ஒருவருக்கு அகராதி, இன்னொருவருக்கு வரைபடம், மற்றொருவருக்குப் பாடத்திட்டம். இவர்களில் ஒருவரின் பக்கம் மட்டும் சாய்கிற சொல் மற்றவர்களுக்கு உதவாது. என் முன்மொழிவு ‘அறிவுத்திரட்டு’. பாடல் திரட்டு என்று நெடுங்காலமாகச் சொல்லி வருகிறோம், அங்கங்கே கிடந்ததை ஒருவர் தேடி எடுத்து ஒழுங்குபடுத்தினார் என்பது கேட்டவுடன் புரியும், பணவாடை இல்லை. திட்ட மேலாண்மைக்கும் மென்பொருள் பொறியியலுக்கும் இதே வகை ஏடுகள் இருப்பதால், சொல் அவற்றுக்கும் பொருந்தும்.

‘சிஸ்டம்’ என்பதற்கு ‘முறைமை’ எதற்கு, ‘அமைப்பு’ போதாதா என்ற பழைய கேள்விக்கும் விடை சொல்லிவிடுகிறேன். 1968இல் கணினி வல்லுநர் மெல்வின் கான்வே சொன்ன கருத்து எங்கள் துறையில் எல்லோருக்கும் தெரியும். அதை ‘அமைப்பு’ என்ற ஒரே சொல்லை வைத்துத் தமிழில் எழுதினால் இப்படி வரும்: “ஓர் அமைப்பு உருவாக்கும் அமைப்பின் அமைப்பு, அந்த அமைப்பின் தொடர்பு அமைப்பையே ஒத்திருக்கும்.” இதைப் படித்துப் புரிந்துகொள்பவருக்கு நானே பர்சரி தருகிறேன். “ஒரு நிறுவனம் உருவாக்கும் முறைமையின் கட்டமைப்பு, அந்நிறுவனத்துக்குள் நடக்கும் தொடர்புகளின் கட்டமைப்பையே ஒத்திருக்கும்” என்றால் சிக்கல் தீர்ந்தது. இலங்கை நண்பர்களுக்கு முறைமை பழகிய சொல்தான். தமிழகத்தாருக்குக் கொஞ்சம் பழக்கம் வேண்டும்.

கருத்துகளை எதிர்பார்க்கிறேன்.


மடல் 2: சாட்ஸ்வொர்த்திலிருந்து

அன்புள்ள தம்பிக்கு,

அந்தப் பையன் கேட்டதைக் குறையாக எடுத்துக்கொள்ளாததற்கு நன்றி. அவன் இப்போதும் பர்சரி தேடிக்கொண்டுதான் இருக்கிறான்.

‘அறிவுத்திரட்டு’ நல்ல சொல். என் வாக்கு அதற்கே. ஆனால் உங்கள் மடலை இரண்டாம் முறை படித்தபோது ஒரு நெருடல் ஏற்பட்டது. அறிவு நூல்களிலும் மனிதர்களின் தலைகளிலும் கிடக்கிறது என்றீர்கள். அதற்கு வழிகாட்டும் ஏட்டை 70 பேர் உட்கார்ந்து எழுதினார்கள் என்றும் சொன்னீர்கள். இவை இரண்டு பொருள்கள். இரண்டுக்கும் சேர்த்து ஒரு சொல்லை வைத்தால், அமைப்பு, அமைப்பு என்று நீங்கள் கேலி செய்த அதே குழிக்குள் நாமும் விழுவோம். ‘அறிவுத்திரட்டு வழிகாட்டி’ என்று நீட்டலாம். நீட்டிய பெயரை யாரும் முழுதாகச் சொல்லமாட்டார்கள்.

என் ஆயா திரட்டுப்பால் கிண்டும்போது அடுப்பின் அருகே நான் நின்றுகொண்டிருப்பேன். “திரளுதா பாரு” என்பார். திரண்டது பால், திரட்டியது ஆயா. தானாகச் சேர்வது திரள், ஒருவர் முயன்று சேர்ப்பது திரட்டு. சுருள், சுருட்டு, உருள், உருட்டு என்று இதே தடத்தில் எத்தனையோ சொற்கள் நம்மிடம் இருக்கின்றன. (புரள், புரட்டு என்பதும் உண்டு. புரட்டு பெயர்ச்சொல்லாகிப் பொய்யைக் குறிக்கப் போய்விட்டது; அதை விட்டுவிடுவோம்.) எனவே எழுதியவர் இன்னார் என்று சொல்ல முடியாமல், காலப்போக்கில் ஒரு துறையில் சேர்ந்துவிட்ட அறிவை ‘அறிவுத்திரள்’ என்றும், அதைத் தேடித் தொகுத்த ஏட்டை ‘அறிவுத்திரட்டு’ என்றும் வைக்கலாம் என்பது என் கருத்து. மக்கள் திரள் என்று கூட்டத்தைச் சொல்கிறோமே என்று யாராவது கேட்பார்கள். அறிவும் கூடட்டுமே, அதனால் என்ன?

என் கவலை ஒன்றுதான். எழுத்தில் இரண்டும் நெருங்கி நிற்கின்றன. கண் மங்கிய என்னைப் போன்றவர் மெய்ப்புத் திருத்தினால் ஒன்று மற்றதாகிவிடும். உங்கள் வழக்கறிஞருக்கு அது ஆகுமா?


மடல் 3: செஞ்சுரியனிலிருந்து

டீச்சர் அம்மாவுக்கு வணக்கம்.

நான் ஒரு சொல்லை வைத்து இரண்டு பொருளைச் சுமக்கப் பார்த்தேன் என்பது உண்மை. செபாக், திட்ட மேலாண்மை ஏடு, மென்பொருள் பொறியியல் ஏடு என்ற மூன்றின் முழுப் பெயர்களிலும் ‘வழிகாட்டி’ என்ற பொருள்படும் சொல் முதலில் நிற்கிறது; நாங்கள்தான் பேச்சில் அதை விழுங்கிவிட்டு, ஏட்டையே துறையின் அறிவு என்று எண்ணத் தொடங்கிவிட்டோம். இதனால் வரும் கேட்டை நான் நேரில் பார்த்திருக்கிறேன். முன்பு நான் வேலை பார்த்த ஓர் இடத்தில், ‘ஏட்டில் இல்லை’ என்ற ஒரே காரணத்துக்காக, அனுபவமுள்ள ஒரு பராமரிப்புத் தொழிலாளி சொன்ன எச்சரிக்கையைக் கூட்டக் குறிப்பில் சேர்க்காமல் விட்டார்கள். அவர் சொன்னது திரட்டில் இல்லைதான், திரளில் இருந்தது.

மெய்ப்புக் கவலைக்காக, ஒவ்வொரு தொழிலினரும் எழுதக்கூடிய வாக்கியங்களை நேற்றிரவு எழுதிப் பார்த்தேன். வழக்கறிஞர்: “இவ்வொப்பந்தத்தில் வரையறுக்கப்படாத சொற்களுக்கு, ஒப்பந்த நாளில் நடப்பில் உள்ள அறிவுத்திரட்டின் பதிப்பில் காணும் பொருளே கொள்ளப்படும்.” ஆய்வாளர்: “அறிவுத்திரளில் உள்ள ஓர் இடைவெளியை இக்கட்டுரை நிரப்ப முயல்கிறது.” ஆசிரியர்: “மாணவர் அறிவுத்திரட்டைப் பயன்படுத்தி, அறிவுத்திரளுக்குள் தாமே வழி கண்டுகொள்ள வேண்டும்.” மேலாளரின் வாக்கியம் சரியாக அமையவில்லை, மேலாளர்கள் இந்தச் சொல்லைச் சொல்லாமலே காலம் தள்ளுவார்கள் என்று விட்டுவிட்டேன். எழுதும்போது ஒரு சோதனை கிடைத்தது: பதிப்பும் தேதியும் சொல்ல முடிந்தால் திரட்டு, சொல்ல முடியாவிட்டால் திரள். மெய்ப்புத் திருத்துபவருக்கு இந்த ஒரு வரி போதும். ஒப்பந்தத்தில் வருவது பதிப்புள்ள ஏடே ஆதலால், அங்கே ‘திரள்’ என்று அச்சானால் பிழை உடனே கண்ணில் படும்.

பட்டியலில் இப்படிச் சேர்த்திருக்கிறேன். திருத்தம் இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் எழுதுங்கள்.

அறிவுத்திரள்: ஒரு துறையில் வழிவழியாகச் சேர்ந்து, நூல்களிலும் தரநிலைகளிலும் செய்வோர் அனுபவத்திலும் பரவிக் கிடக்கும் அறிவு முழுவதும்.

அறிவுத்திரட்டு: அறிவுத்திரளைத் தலைப்புவாரியாக ஒழுங்குபடுத்தி, மூலங்களுக்கு வழிகாட்டும் மேற்கோள் ஏடு, பதிப்பு உடையது.

அறிவுத்தொகை: நீக்கப்பட்டது.

‘ஏற்புறுதி’ என்ற சொல்லைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. கேப்டவுன் நண்பருக்கு அதில் உடன்பாடு இல்லை என்பது எனக்குத் தெரியும். அடுத்த வாரம் அதை எடுத்துக்கொள்வோம்.